கூரை பிடித்துத் தொங்கும் குதிர்கள்

எறும்புகளை வளர்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு மார்ச் மாதம். ஒரு காலை, கூட்டை மூடியிருந்த சிவப்புத் தாளை விலக்கிப் பார்த்தேன். முதல் நாள் இரவு வரை கூரையில் தொங்கிக்கொண்டிருந்த, குடும்பத்தின் தேனை வயிற்றில் சேமித்துவைக்கும் நான்கு தேன்குட எறும்புகளில் ஒன்று தரையில் மல்லாந்து கிடந்தது. தலையும் மார்பும் சேர்ந்தால் ஓர் அரிசி அளவுதான் இருக்கும். அதன் பின்னால் பட்டாணி பருமனில் தேன் நிறப் பந்து. ஆறு கால்களும் பிடிமானம் தேடிக் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன.

"அப்பா, இது ஏன் எழுந்து நடக்கவில்லை?" என்று மகள் கேட்டாள்.

"அதன் வயிறு அதைவிடப் பல மடங்கு கனம், கண்ணு. விழுந்தால் தானாக எழ முடியாது."

மாலைக்குள் இன்னொன்றும் விழுந்தது. விழுந்த வேகத்தில் பின்வயிற்றுச் சவ்வு கிழிந்துவிட்டது. பணியெறும்புகள் ஓடி வந்து சிந்தியதை நக்கின. அவை நக்கி முடிக்காத ஓரத்தில் மூன்றாம் நாள் வெண்பூஞ்சை படர்ந்தது. கிழிந்த எறும்பு அதற்கு முன்பே இறந்திருந்தது.

குறை அந்த எறும்புகளிடம் இல்லை. நான் கொடுத்த வீட்டின் கூரை அக்ரிலிக் தகடு. நன்றாக மெருகேற்றியது, கண்ணாடி போல வழுக்குவது. வாழ்நாளெல்லாம் தலைகீழாகத் தொங்க வேண்டிய உயிருக்கு நான் பிடிமானமே தரவில்லை. அந்தக் கூரையை மாற்றிக் கட்டியதன் பதிவு இது. இந்த எறும்பை வளர்க்க எண்ணும் வேறு யாராவது முதல் நாளிலேயே கூரையைப் பற்றி யோசிக்கட்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரின் விளிம்பில். சொனோரன் பாலைவனம் எங்கள் கொல்லைப்புறத்திலேயே தொடங்கிவிடும். ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணல் ஓடை ஒன்று வீட்டின் பின்னால் ஓடுகிறது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை இங்கே பருவமழைக் காலம். ஜூலையில் முதல் பெருமழை பெய்த மாலையில் கிரியோசோட் புதர்களின் மணம் ஊரையே நிறைத்திருக்கும்போது, மண்ணுக்குள்ளிருந்து சிறகு முளைத்த எறும்புகள் கிளம்பும். அப்படி ஒரு மாலை, இருட்டுகிற நேரத்தில், தெருவிளக்கின் கீழே சிறகுதிர்த்துவிட்டு வேகமாக நடந்துகொண்டிருந்த ராணிகளைப் பிடித்தேன். மொத்தம் ஐந்து. வெளிர் தேன் நிற உடல், பெரிய கருங்கண்கள். இரவில் உலவும் இனமான மிர்மெக்கோசிஸ்டஸ் மெக்சிகானஸ்.

பிடிப்பது பற்றி இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அருகிலுள்ள சாகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. உயிருள்ள எறும்புகளை மாநில எல்லை தாண்டி அனுப்புவதற்கு மத்திய வேளாண் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே சொந்த ஊர் எறும்பைச் சொந்த ஊரிலேயே வளர்ப்பது நல்லது. வளர்ந்த கூட்டைத் தோண்டி எடுக்கும் எண்ணம் எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. இந்தக் கூடுகள் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியவை. அவ்வளவு ஆழம் தோண்டினால் பல ஆண்டுகளாக அவை கட்டிய ஊர் ஒரு மணி நேரத்தில் அழிந்துவிடும். சிறகுதிர்த்த ராணிகளில் மிகப் பெரும்பாலானவை எப்படியும் பிழைப்பதில்லை. அவற்றில் ஒன்றை எடுத்தால் ஓடைக்குப் பெரிய இழப்பு நேராது.

ராணிகளைச் சோதனைக் குழாய்களில் வைத்தேன். குழாயின் அடியில் தண்ணீர், அதன் மேல் இறுக்கிய பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. மூன்றைத் தனித்தனியாகவும் இரண்டை ஒன்றாகவும் வைத்தேன். இதன் உறவினமான மிர்மெக்கோசிஸ்டஸ் மிமிக்கஸில் பல ராணிகள் கூடி ஒரே குழி தோண்டிக் குடும்பம் தொடங்கும். பணியெறும்புகள் பிறந்த பிறகு ஒரு ராணியே மிஞ்சும். என் இரட்டைக் குழாயிலும் அக்டோபருக்குள் அதுவே நடந்தது. தோற்ற ராணியின் கால்கள் ஒரு மூலையில் கிடந்ததைப் பார்த்த பிறகு, இரண்டை ஒன்றாக வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன்.

தனியாக இருக்கும் ராணி முதல் பிள்ளைகள் பிறக்கும் வரை எதையும் உண்ணாது. இனிப் பயன்படப்போகாத சிறகுத் தசைகளைக் கரைத்து அந்தச் சத்தையே புழுக்களுக்கு ஊட்டும். நாம் செய்ய வேண்டியது இருட்டும் இளஞ்சூடும் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பது மட்டுமே. 27, 28 டிகிரிச் சூட்டில் ஏழாவது வாரம் முதல் பணியெறும்பு வந்தது. அதற்கு முன் ஒரு குழாயில் நான் செய்த பிழையால் ஆறு புழுக்கள் வீணாயின. இந்த இனத்தின் புழு பட்டு நூற்றுக் கூடு கட்டும். நூலை ஒட்டி இழுப்பதற்கு மணலோ துகளோ சுற்றிலும் இருக்க வேண்டும். ராணியும் பணியெறும்புகளும் முதிர்ந்த புழுவை மணலில் புதைத்து வைப்பதே இதற்காகத்தான். வெறும் கண்ணாடியில் நூலுக்குப் பிடிப்பு இல்லாமல் புழுக்கள் நெளிந்து நெளிந்து ஓய்ந்துபோயின. பிறகு ஓடை மணலைக் கழுவி, அடுப்பில் வறுத்து ஆறவைத்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிட்டிகை போட்டேன். மறுநாளே புழுக்கள் மணல் போர்வைக்குள் இருந்தன.

இதிலேயே எனக்குப் பாடம் கிடைத்திருக்க வேண்டும். பிறக்கும்போதே சொரசொரப்பைத் தேடும் உயிர் இது.

குளிர்காலம் வந்தபோது சிறந்து நின்ற குடும்பத்தில் நாற்பது எறும்புகள் இருந்தன. அதை அக்ரிலிக் கூட்டுக்கு மாற்றினேன். தீனி எளிமையானது: ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு நீர், பஞ்சில் நனைத்து, வாரம் இருமுறை பறக்க முடியாத பழ ஈக்கள், அவ்வப்போது நறுக்கிய வெட்டுக்கிளித் துண்டு. திறந்த கிண்ணத்தில் வைத்தால் விழுந்து மூழ்கும், அதனால்தான் பஞ்சு. தீனித் தொட்டியின் மேல்விளிம்பில் முகப்பவுடரை ஆல்கஹாலில் குழைத்துப் பூசிக் காயவைத்தால் ஏற முடியாமல் சறுக்கிவிடும்.

வயிறு எப்படி அவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பறவைக்குத் தீனிப்பை இருப்பதுபோல எறும்புக்கும் உண்டு. உணவு முதலில் அங்கேதான் சேரும். அதற்கும் உண்மையான இரைப்பைக்கும் இடையில் ஒரு சிறு வால்வு இருக்கிறது. எறும்பு தன் உடலுக்கு வேண்டியதை மட்டும் அதன் வழியே கீழே இறக்கிக்கொள்ளும். தீனிப்பையில் மிஞ்சியிருப்பது ஊருக்குச் சொந்தம். பசித்த எறும்பு வந்து உணர்கொம்பால் முகத்தைத் தட்டிக் கேட்டால், தாடை விரித்து ஒரு சொட்டை எதுக்களித்துக் கொடுக்கும். பல எறும்பு இனங்கள் இதைச் சிறிய அளவில் செய்கின்றன. தேன்குட எறும்பின் குடும்பத்தில் சில எறும்புகள் இதையே முழுநேர வேலையாக ஏற்கின்றன. பெரும்பாலும் உடல் பெரியவையும், கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்து ஓடு இன்னும் இறுகாதவையுமே இந்த வேலைக்கு வருகின்றன. மற்றவை ஊட்ட ஊட்டத் தீனிப்பை புடைத்து, பின்வயிற்றின் மற்ற உறுப்புகளை ஓரத்தில் ஒதுக்கித் தள்ளிவிடும். பின்வயிற்றை மூடிய ஓட்டுத் தகடுகள் வளராது. அவற்றை இணைக்கும் சவ்வு மட்டும் விரியும். ஆகவே முழுதாக நிரம்பிய எறும்பின் பந்தில் அந்தத் தகடுகள் கரும்பட்டைகளாக, ஒன்றுக்கொன்று எட்டாமல் தனித்தனியே நிற்கும். அந்த இடைவெளியைப் பார்த்தே எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நான் கணக்கு வைக்கிறேன்.

எல்லாப் பந்தும் ஒரே நிறமல்ல. அடர் தேன் நிறப் பந்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் செறிந்திருக்கும். பளிங்குபோல் தெளிந்ததில் பெரும்பகுதி நீர். பாலைவனத்தில் தண்ணீர்ப் பானையும் களஞ்சியத்தில் ஒரு சரக்குதானே.

தொலைபேசியில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "ஏனப்பா, எறும்புக்கா இத்தனை பாடு?" என்றுதான் தொடங்கினார். விவரத்தைக் கேட்டதும், "இது நம் வீட்டுக் குதிர் மாதிரியல்லவா இருக்கிறது? மேலே கொட்டி நிரப்பி, கீழே துளையில் துணி அடைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு எடுப்போமே!" என்றார். ஆச்சி வீட்டின் முற்றத்து மூலையில் நின்ற மண்குதிர் எனக்கும் நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இந்த எறும்புகளுக்குக் குதிர் என்றே பெயர். மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் தேன், எறும்பு என்ற இரு சொற்களையும் சேர்த்து நெகுவாஸ்கத்ல் என்கிறார்கள். ஐரோப்பிய அறிவியல் உலகுக்கு இவற்றைப் பற்றிய முதல் குறிப்பை 1832ஆம் ஆண்டில் எழுதியவரும் ஒரு மெக்சிகோக்காரர்தான்: பாப்லோ தெ லாவே.

ஊட்டும் வரிசையைக் கண்ணால் பார்க்க மகள் ஒரு வழி சொன்னாள். தேன்நீரில் இரண்டு சொட்டு நீல உணவுச் சாயம் கலந்து வைத்தோம். இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்த எறும்புகளின் வயிறு அரை மணியில் நீலம் பாய்ந்தது. பத்தரைக்குள் வெளியே வராத எறும்புகளிலும் நீலம் தெரிந்தது. குதிர்கள் உடனே மாறவில்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த அடர் நிறத்தோடு கலந்து, இரண்டாம் நாள் மாலையில்தான் இலேசான பச்சை தட்டியது. மகள் அதை மணிவாரியாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஒரு முறை பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம். வண்ண வண்ணமாகக் குதிர்களை நிரப்பிப் படம் எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மார்ச்சில் விழுந்தவற்றுக்கு முதல் மருந்தாக உப்புத்தாளைத்தான் நினைத்தேன். மேசைக்கு மெருகு போடும் 80ஆம் எண் உப்புத்தாளை வெட்டி, அக்ரிலிக் மூடியின் உட்புறத்தில் ஒட்டினேன். பசையின் வாடை போக ஐந்து நாள் வெயிலில் வைத்தேன். மிஞ்சியிருந்த இரண்டு குதிர்களும் மறுநாளே அதில் இறுகப் பிடித்துக்கொண்டன. புதிதாக இன்னொன்றும் உப்பத் தொடங்கியது. மூன்று வாரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிறகு கூட்டின் ஈரத்தில் தாள் ஊறி, ஒரு மூலையில் பிரிந்து, ஒரே இரவில் முழுதாகக் கீழே தொங்கிவிட்டது. மூன்று குதிர்களும் தரையில் கிடந்தன.

அன்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். விழுந்த குதிர் எறும்பைத் தூரிகையால் புரட்ட முயன்றால் சவ்வு கிழியும் அபாயம் உண்டு. அதற்குப் பதிலாக, உப்புத்தாள் துண்டு ஒன்றைச் சொரசொரப்பான பக்கம் கீழே இருக்கும்படி, துழாவும் கால்களுக்கு மேலே மெல்ல இறக்கினேன். முதலில் ஒரு கால் கொக்கியை மாட்டியது, பிறகு இன்னொன்று. ஆறும் மாட்டிய பிறகு துண்டை ஒரு நூல் உயர்த்தினால் எறும்பு தன் பந்தோடு எழுந்துவிட்டது. மூன்றையும் அப்படியே காப்பாற்றினோம். அந்தத் துண்டுகளை ஒரு தீப்பெட்டியின் உட்கூரையில் ஊசியால் குத்தி நிறுத்தித் தற்காலிக வீடாக்கினேன். பணியெறும்புகள் அங்கே சென்று ஊட்டவும் உண்ணவும் குழாய் வைத்தேன்.

நிலையான கூரைக்கு என்ன வழி என்று தேடியபோதுதான் ஹென்றி கிறிஸ்டோபர் மெக்குக் எழுதியதைப் படித்தேன். பிலடெல்பியாவைச் சேர்ந்த இந்தப் பாதிரியார் 1879இல் கொலராடோவின் கார்டன் ஆஃப் த காட்ஸ் பகுதியில் தங்கி, தேன்குட எறும்புக் கூடுகளைப் பொறுமையாக அகழ்ந்து பார்த்தவர். கருவாலி (ஓக்) மரங்களில் குளவிகளால் உண்டாகும் கரணைகளிலிருந்து, அதாவது புடைப்புகளிலிருந்து, கசியும் இனிப்பை இந்த எறும்புகள் இரவில் சென்று நக்கிவருவதை விளக்கு வெளிச்சத்தில் பின்தொடர்ந்து கண்டவரும் அவர்தான். குதிர் அறைகளைப் பற்றி அவர் சொன்ன ஒரு செய்தி எனக்குப் போதுமானதாக இருந்தது: அறையின் கூரை கவிகை வடிவம், எறும்புகள் சுவரையும் தரையையும் நிரவி வைக்கின்றன, கூரையை மட்டும் கரடுமுரடாக விடுகின்றன. பூசத் தெரிந்த கொத்தன் பூசாமல் விட்ட இடம் அது.

கூரைக்குப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை விட்டுவிட்டு ஜிப்சம் சிமெண்டை எடுத்தேன். பிளாஸ்டர் ஈரத்தில் மிருதுவாகும், எறும்புகள் தோண்டிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். ஜிப்சம் சிமெண்ட் கல்போல இறுகும். எடைக் கணக்கில் 100 பங்கு தூளுக்கு 32 பங்கு நீர். தராசு இல்லாமல் கண்ணளவில் கலக்கக் கூடாது. நீரில் தூளைத் தூவி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, அதன் பிறகே கிளற வேண்டும். நீரைத் தூளில் ஊற்றினால் கட்டி விழும்.

அச்சுப் பெட்டிக்கு மகளின் பிளாஸ்டிக் கட்டைகளைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடித் தகட்டை மேசையில் கிடத்தி, அறைகள் எங்கே வரவேண்டுமோ அங்கே காயாத பொம்மைக் களிமண்ணை அறை வடிவில் வைத்தேன். மூன்று அறைகள்: அகலம் 7 செ.மீ., முன்னிருந்து பின்னுக்கு 2.5 செ.மீ., நடுவில் கூரை உயரம் 3 செ.மீ. நிரம்பிய குதிரின் பந்து தரையைத் தொடாமல் தொங்கவும், அதன் கீழே மற்ற எறும்புகள் நடமாடவும் அந்த உயரம் வேண்டும். களிமண்ணின் கூரைப் பக்கத்தில் மணலைப் பதித்து மேலே ஜிப்சம் கலவையை ஊற்றினால், களிமண்ணைத் தோண்டி எடுத்த பிறகு மணல் கூரையோடு நின்றுவிடும் என்பது திட்டம்.

முதல் வார்ப்பில் மணலை விரலால் நன்றாக அழுத்திவிட்டேன். மணிகள் களிமண்ணுக்குள் புதைந்து, களிமண்ணோடே வெளியே வந்துவிட்டன. கூரை வழவழவென்று நின்றது. இரண்டாம் வார்ப்பில் உப்புத் தூள் போன்ற பொடிமணலைப் பயன்படுத்தினேன். மணி நின்றது, ஆனால் பூதக்கண்ணாடியில் பார்த்தால் அவற்றுக்கிடையே கலவை நிரம்பி மேடுபள்ளம் குறைந்துவிட்டது. ஒரு பணியெறும்பை அதில் ஏறவிட்டுப் பார்த்தேன், கால் இருமுறை நழுவியது. மூன்றாம் வார்ப்புக்கு ஓடை மணலைச் சலித்து ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரையுள்ள மணிகளை மட்டும் எடுத்தேன். கழுவி, வறுத்து, ஒவ்வொரு மணியும் பாதி புதையும்படி ஒரு தட்டையான பலகையால் ஒரே சீராக மெல்ல அழுத்தினேன். கலவையை ஊற்றிய பின் குமிழ்கள் வெளியேற மேசையை ஐந்து நிமிடம் தட்டிக்கொண்டே இருந்தேன். இறுகும்போது கலவை சூடாகும். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்து, மீண்டும் குளிர்ந்த பிறகே அச்சைப் பிரித்தேன். களிமண் போன இடத்தில், தேய்க்காத கருங்கல் போன்ற கூரை. விரலை வைத்தால் உறுத்தியது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை.

வார்த்த கட்டியைக் காயவைப்பதில் அவசரம் கூடாது. தினமும் எடை போட்டேன். முதல் நாள் 1,840 கிராம். மே மாதத்து டூசான் காற்றில் ஒன்பது நாளில் 1,660 கிராமுக்கு வந்து நின்றது. அதற்கடுத்த மூன்று நாட்களும் எடை இறங்காததைப் பார்த்த பின்பே அடுத்த வேலைக்குச் சென்றேன்.

ஜிப்சம் சிமெண்ட் ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. புழுக்களுக்கோ ஈரம் வேண்டும். ஆகவே தரைக்கு மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தனித் தட்டாக வார்த்து, அதன் அடியில் ஒரு குழாய் செருகி, வாரம் ஒருமுறை ஊசிக்குழலால் நீர் விட்டேன். இடது ஓரத்தில் நீர்; வலது ஓரத்தில் சூடேற்றும் கம்பி; நடுவில் இரண்டும் கலந்த நிலை. எந்த அறையை எதற்கு வைப்பது என்பதை எறும்புகளே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். புழுக்களை ஈர அறையிலும், பட்டுக் கூடுகளைச் சூட்டு அறையிலும், குதிர்களை நடு அறையிலும் வைத்தன. இரண்டு கோடைகளாக இந்த ஏற்பாடு மாறவில்லை.

குடியேற்றம் ஜூன் முதல் வாரம் நடந்தது. புதுக்கூட்டை இருட்டாக்கி, பழையதன் மேல் விளக்கை வைத்து, இரண்டையும் குழாயால் இணைத்தோம். இரண்டு இரவுகளில் ராணியும் புழுக்களும் மாறிவிட்டன. தீப்பெட்டியிலிருந்த குதிர்களைக் கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது. நடு அறைக்கு வரும் வழிகளைப் பஞ்சால் அடைத்து, முன்கண்ணாடியை நகர்த்தி, உப்புத்தாள் துண்டைக் கூரைக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். குதிர் அவ்வளவு எளிதில் பிடியை விடாது. ஒரு முன்காலை நீட்டி மணலைத் தொடும், திரும்ப இழுத்துக்கொள்ளும், மறுபடி நீட்டும். முதல் குதிருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. என் கை நடுங்கியபோது மகள் கீழே தன் உள்ளங்கையைத் தாங்கலாக வைத்தாள். மூன்றாவது பிடித்துக்கொண்டபோது இரவு ஒன்றரை மணி.

அந்தக் கோடையில் குடும்பம் நூற்றைம்பதைத் தாண்டியது; குதிர்கள் பதினொன்றாயின. இன்று வரை விழுந்தவை இரண்டு. ஒன்று உயிரோடு விழுந்தது. துண்டு நீட்டி மேலேற்றிவிட்டோம். இன்னொன்று இறந்த பின்பு விழுந்தது. இறந்த குதிர் எறும்பைப் பற்றி மெக்குக் சொல்லியிருப்பது நெஞ்சைத் தொடும். பணியெறும்புகள் பின்வயிற்றை மார்பிலிருந்து துண்டித்து, உள்ளே தேன் நிறைந்திருந்தும் அதைக் குடிக்காமல், பந்தை உருட்டிச் சென்று மற்றப் பிணங்கள் கிடக்கும் இடத்தில் சேர்க்குமாம். பசியோடு இருந்தாலும் அப்படியா என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. என் கூட்டில் இறந்த குதிர் எறும்பையும் பணியெறும்புகள் துண்டித்தன. பந்தைத் தீனித் தொட்டியின் குப்பை மூலைக்கு இழுத்துச் சென்றன. அது நான்கு நாள் அங்கேயே உடையாமல் கிடந்தது. நான்தான் கடைசியில் எடுத்து மண்ணில் புதைத்தேன்.

இடையில் ஒரு வார இறுதியில் நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய போர்ட்டல் ஊர்ப் பக்கம் சென்றோம். பகலில் உலவும் மிமிக்கஸ் எறும்பின் போட்டியைப் பார்ப்பதற்காகவே சென்றோம். எறும்பு ஆய்வாளர் பெர்ட் ஹோல்டோப்ளர் 1976இல் விவரித்த காட்சி அது. அண்டைக் கூடுகளின் நூற்றுக்கணக்கான எறும்புகள் வெட்டவெளியில் கூடி, கால்களைப் பொய்க்கால்போல விறைத்து உயர்த்தி, பின்வயிற்றைத் தூக்கி, ஒன்றையொன்று சுற்றி நடந்து அளந்து பார்க்கின்றன. கடிப்பதும் கொல்வதும் மிகக் குறைவு. சில நொடிகளில் ஒன்று தணிந்து ஒதுங்கும். சில எறும்புகள் கூழாங்கல் மேல் ஏறி நின்று உயரம் காட்டின. ஆனால் ஒரு கூடு மிகவும் பலவீனமானது என்று தெரிந்துவிட்டால் போட்டி கொள்ளையாக மாறும். ராணி கொல்லப்படும். புழுக்களோடு குதிர்களும் இழுத்துச் செல்லப்படும். களஞ்சியம் உயிரோடு இருப்பதால் அதைக் கடத்தவும் முடிகிறது. அங்கேயே இன்னொரு கூட்டின் வாயில் சிறிய இரு நிற எறும்புகள் கற்களைக் கொண்டுவந்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தன. இந்த எறும்புகள் கல்லெறிந்து தேன்குட எறும்புகளை வெளியே வரவிடாமல் தடுப்பதை 1979இல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மகள் ஒரு மணி நேரம் அந்தத் துளையைவிட்டு நகரவில்லை.

இதே வாழ்க்கை முறை ஆஸ்திரேலியாவிலும் உண்டு. அங்கே முல்கா மரங்களின் கீழே வாழும் காம்போனோடஸ் இன்ஃப்ளாட்டஸ், நம் ஊர்க் கட்டெறும்பின் பேரினத்தைச் சேர்ந்தது. அமெரிக்க எறும்போடு நெருங்கிய உறவில்லாமலேயே தனியாக இந்தக் குதிர் முறையை அடைந்திருக்கிறது. அங்குள்ள தொல்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தோண்டி எடுத்து இனிப்பாக உண்கிறார்கள். தொண்டை வலிக்கு மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். 2023இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தேன் சில பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் தடுப்பதைச் சோதனையில் காட்டினார்கள்.

கடைசியாக ஒன்றைச் சோதித்தேன். குதிர் உண்மையாகவே வறட்சிக்குக் கொடுக்கிறதா என்று பார்க்க, சென்ற ஜூனில் தேன்நீரை மட்டும் நிறுத்தினேன். தண்ணீரும் பழ ஈயும் வழக்கம்போல இருந்தன. எறும்புகள் வாடுவதாகத் தெரிந்தால் உடனே தேன்நீர் வைப்பதென்று முடிவு செய்திருந்தேன். முதல் வாரம் மாற்றம் இல்லை. பத்தாம் நாளிலிருந்து நடு அறையில் நெரிசல். ஒவ்வொரு குதிரின் முகத்தருகிலும் இரண்டு மூன்று எறும்புகள் நின்று உணர்கொம்பால் தட்டிக்கொண்டிருந்தன. குதிர் தலையைத் தாழ்த்தும். தாடைகளுக்கிடையே ஒரு சொட்டு திரளும். மூன்றும் ஒரே நேரத்தில் குடிக்கும். நிரம்பியவற்றிடம்தான் கூட்டம் அதிகமாக இருந்தது.

தினமும் ஒரே தூரத்திலிருந்து படமெடுத்துக் கரும்பட்டைகளின் இடைவெளியை அளந்தோம். இடமிருந்து மூன்றாவதாகத் தொங்கிய பெரிய குதிர், நாங்கள் தீப்பெட்டியிலிருந்து முதலில் ஏற்றியது. இருபத்தெட்டு நாளில் அதன் பட்டைகள் பாதித் தூரம் நெருங்கி வந்துவிட்டன. பந்தின் சவ்வு தளர்ந்து, ஓரங்களில் சுருக்கம் விழுந்தது. ஜூலை ஐந்தாம் தேதி முதல் மழை பெய்தது. அன்றிரவு தேன்நீரைத் திரும்ப வைத்தேன். தீனித் தொட்டியில் குடித்து நிறைந்த எறும்புகள் வரிசையாக நடு அறைக்குத் திரும்பி, இப்போது தாங்கள் ஊட்டத் தொடங்கின. மூன்றாவது குதிர் இந்த நாட்களில் ஒரு மணல்மணி தூரம்கூட இடம் மாறவில்லை. அதே ஆறு மணிகளை அப்படியே பிடித்திருந்தது.